கடல் இல்லாத நாட்டுக் கப்பல்

கப்பலிலிருந்து
11.2.2024

அன்புள்ள சந்திரவல்லி அக்காவுக்கு, தம்பி இனியவன் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் ஜக்கையன் மச்சானும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று திடுக்கிட்டிருப்பாய். பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறோம். கரை கண்ணுக்குத் தெரிகிறது, போனுக்கு எட்டவில்லை. எட்டினாலும் சார்ஜ் ஏற்ற வழியில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துவிட்டது. குடிதண்ணீர் கொண்டுவரும் படகுக்காரர் யூசுப்பிடம் இதைக் கொடுக்கிறேன். கரையில் மாலுமிகள் விடுதி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் லீலாம்மா என்ற மலையாளத்து அம்மா தபாலில் போடுவாராம். நீயும் அந்த விலாசத்துக்கே எழுது.

நடந்தது இதுதான். கப்பல் முதலாளி போனை எடுப்பதில்லை. சம்பளமும் இல்லை, எண்ணெயும் இல்லை. துறைமுகமும் உள்ளே விடவில்லை. கேப்டனும் மற்றவர்களும் போன மாதம் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆளில்லாமல் கப்பலைக் கடலில் விடக்கூடாதாம். அதனால் இரண்டு பேரை நிறுத்தி வைத்தார்கள். எஞ்சினைப் பார்க்க பர்மாக்காரர் சோ வின், வயது அறுபதை நெருங்குகிறது. சமைக்க நான். மாற்று ஆள் வந்ததும் நாங்களும் கிளம்பலாம்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். கப்பலின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது. அது எந்தத் துறைமுகம் என்று சோ வின்னிடம் கேட்டேன். சிரித்தார். எங்கள் கொடி எந்த நாட்டுடையதோ அதன் தலைநகராம். சுற்றிலும் மலையாம். அந்த நாட்டுக்குக் கடலே கிடையாதாம். நம் போடி மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

அரிசி இருக்கிறது. மச்சானிடம் சொல்.

உன் அன்பை மறவாத,
இனியவன்


போடிநாயக்கனூர்
3.3.2024

என் தம்பி இனியவனுக்கு, அக்கா எழுதுவது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நாங்கள் இருக்கிறோம்.

ஏலக்காய்க் கடையில் ரகம் பிரித்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்து கொடுத்தார். கையெழுத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். மச்சான் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற காலை லோடு ஆட்களைப் போடிமெட்டில் இறக்கிவிட்டு ஜீப்பை அப்போதுதான் கொண்டுவந்து நிறுத்தினார். படித்துக் காட்டினேன். "மாப்ளே சிரிச்சுக்கிட்டு எழுதுறான்னா ஏதோ சரியில்ல. அவன் பயந்தாத்தான் இப்பிடி வளவளன்னு பேசுவான்" என்றார்.

கொட்டகுடி ஆற்றில் முழங்கால் தண்ணீருக்கே என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நீ. அம்மாவும் அப்பாவும் போன பிறகு உன்னைக் கிணற்று மேட்டுப் பக்கமே நான் விட்டதில்லை. சமையல் வேலைதானே, கப்பலானால் என்ன என்று நீ சொன்னபோது தலையாட்டினேன். இப்போது கண்ணை மூடினால் தண்ணீர்தான் தெரிகிறது.

பக்கத்துத் தெரு முத்துப்பிரியா போடி கோர்ட்டில் வக்கீலாகச் சேர்ந்திருக்கிறாள். அவளிடம் ஓடினேன். கடல் இல்லாத நாட்டுக்குக் கப்பல் எப்படி என்று கேட்டேன். "இருக்கலாங்க்கா. கடலு எல்லாத்துக்கும் பொது. கரை இல்லாத நாடும் கடலுக்குப் போகலாம், வரலாம், தன் கொடி கட்டிக் கப்பல் விடலாம். உலக நாடுகள் சேர்ந்து எழுதின சட்டமே இருக்கு" என்றாள். அந்தக் கொடி எந்த நாடு என்று எழுது. ஓரத்துக்குப் போகாதே. குளிப்பதானாலும் உள்ளேயே குளி.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அக்கா


கப்பலிலிருந்து
24.3.2024

அக்காவுக்கு, உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் போடிக் காற்று அடித்த மாதிரி இருந்தது. நான் சுகம். மச்சானுக்கு முதுகு வலி எப்படி?

கொடியின் நாட்டைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கப்பலின் பதிவு எண்ணும், பின்பக்க எழுத்து தெரிகிற மாதிரி முன்பு கரையில் எடுத்துப் பிரிண்ட் போட்ட படம் ஒன்றும் வைத்திருக்கிறேன். முத்துப்பிரியாவிடம் கொடு.

சோ வின்னும் நானும் நன்றாகப் பழகிவிட்டோம். இரண்டு பேருக்கும் அரைகுறை ஹிந்தி, அரைகுறை இங்கிலீஷ். கேரம் பலகை ஒன்று கிடக்கிறது. மத்தியானம் விளையாடுவோம். ஒரு நாள் அவர் ஆறு மீன் பிடித்தார், நான் புளி இல்லாமல் குழம்பு வைத்தேன். அதைக் குழம்பு என்று மதுரையில் சொன்னால் அடிப்பார்கள்.

காற்று கொஞ்சம் அதிகம். நங்கூரச் சங்கிலி இழுபடும்போது, மேட்டு வளைவில் மச்சான் ஜீப்பு கியர் மாற்றுகிற சத்தம் மாதிரி கேட்கும். அது கேட்டால் சோ வின் பேச்சை நிறுத்திவிடுவார். நின்றதும் மறுபடி பேசுவார். மிதவைச் சட்டையை அவர் கழற்றுவதே இல்லை. சாப்பிடும்போதும் போட்டிருக்கிறார். நாற்பது வருஷம் கடலில் இருந்தவர். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அவருக்கு இருமல். வேறொன்றும் இல்லை.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே.
இனியவன்


போடிநாயக்கனூர்
16.4.2024

தம்பி இனியவனுக்கு, அக்காவின் ஆசீர்வாதம். எலும்பும் தோலுமாகப் போய்விடவில்லையே? மச்சான் முதுகுக்கு எண்ணெய் தேய்த்தோம், தேவலை.

முத்துப்பிரியா அந்தக் கப்பலின் சரித்திரத்தையே தோண்டிக்கொண்டிருக்கிறாள். அந்த நாட்டுக் கொடியைக் கேட்கிற கப்பலுக்குக் கொடுப்பதற்கென்று ஒரு அலுவலகம் இருக்கிறதாம். அதுவும் அந்த நாட்டில் இல்லை, வேறெங்கோ ஒரு பட்டணத்தில். எழுதினாள். பதில் இல்லை. திரும்ப எழுதினாள். தகவல் பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வந்தது.

"கொடி எந்த நாடோ, கப்பல்ல இருக்குற ஆளுகளுக்கும் அந்த நாடுதாங்க்கா பொறுப்பு. சட்டம் உரிமையைக் கொடுத்துச்சு, கூடவே கடமையையும்தான் கொடுத்துச்சு. இவங்க உரிமையை மட்டும் வாங்கிக்கிட்டாங்க" என்கிறாள். துறைமுகக்காரர்களும், கொடி நாட்டிலிருந்து ஒரு வார்த்தை வராமல் உங்களை இறக்க மாட்டோம் என்கிறார்களாம். கோர்ட்டு அந்தக் கப்பலை ஏலம் விட்டால் வழி பிறக்குமாம். இங்கே தினமும் ஏலம் ஏலம் போகிறது, தம்பி. ஒரு இரும்புக் கப்பலை எடுக்க ஆளில்லையா?

சோ வின்னுக்குக் குடும்பம் இருக்கிறதா? அவர் வீட்டு விலாசம் வாங்கி எழுது. அவருக்கும் சேர்த்தே மனுப் போடலாம். என் போன் நம்பரை லீலாம்மாவிடம் சேர்க்கச் சொல். தெரியாத நம்பர் வந்தால் எனக்கு எடுக்கவே பயம். ஆனாலும் சேர்க்கச் சொல்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்,
அக்கா


கப்பலிலிருந்து
20.5.2024

அன்புள்ள அக்கா, நான் சுகம், நீங்கள் இருவரும் சுகந்தானே. பேனா தீர்ந்துவிட்டது, பென்சிலில் எழுதுகிறேன்.

எல்லாம் முன்பு போலத்தான். கேரமில் சோ வின் என்னைத் தொடர்ந்து தோற்கடிக்கிறார். சிவப்புக் காயை விடவே மாட்டேன் என்கிறார். நேற்று ரசம் வைத்தேன். காரம் போதவில்லை என்றார். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

கடல் அமைதியாக இருக்கிறது. படகு வந்துவிட்டது. இத்துடன் முடிக்கிறேன்.

இனியவன்


போடிநாயக்கனூர்
9.6.2024

தம்பி, நீ நன்றாக இருக்கிறாயா என்று வழக்கமாகக் கேட்பேன். இந்த முறை அப்படிக் கேட்டு எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த மறுநாள் லீலாம்மா போனில் கூப்பிட்டார். இனியவனின் அக்காவா என்று கேட்டார். மலை எஸ்டேட்டுகளில் கேட்டுப் பழகிய மலையாளம் எனக்குப் போதுமானதாக இருந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆ பர்மாக்காரன் மரிச்சு போயி, மோளே. மே மாசம் ஆத்யம் ஆயிருந்நு" என்றார். மே மாத ஆரம்பத்தில் போய்விட்டார் என்கிறார். நெஞ்சு வலி என்று படகில் இறக்கிக் கொண்டுபோனார்களாம். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லையாம்.

உன் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். மே இருபது. மச்சானிடம் காட்டினேன். ஜீப்பை எடுக்கப் போனவர் சாவியைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இறந்து போனவர் காரம் போதவில்லை என்றாரா, தம்பி? நான் பயப்படக்கூடாது என்று எழுதினாயா? அப்படியென்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன். அது மட்டும்தான் காரணம் என்று எழுதிவிடு. வேறு ஏதாவது இருந்தால் அதையும் எழுது. அந்த அவ்வளவு பெரிய கப்பலில் நீ யாரோடு இருக்கிறாய்?

முத்துப்பிரியாவும் நானும் டெல்லிக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். அந்த நாட்டுத் தூதரகம் அங்கே இருக்கிறது.

அக்கா


கப்பலிலிருந்து
2.7.2024

அக்காவுக்கு. காற்றினால் படகு வர முடியவில்லை. அதனால்தான் தாமதம்.

நான் தனியாக இருக்கிறேன்.

அன்று காலை சோ வின் ஏணிப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ரேடியோ எப்போதோ செத்துவிட்டது. படுக்கை விரிப்பை உருவி, மேலே நின்று வீசினேன். சுற்றிலும் கப்பல்கள் நிற்கின்றன. யாரும் பார்க்கவில்லையா, பார்த்தும் ஏதோ காயப்போடுகிறான் என்று நினைத்தார்களா, தெரியாது. மத்தியானத்துக்கு மேல் ரோந்துப் படகு வந்தது. அவரைக் கட்டி இறக்கினோம். "நானும் வர்றேன்யா, நானும் வர்றேன்" என்று தமிழில் கத்தினேன். நீ இறங்கினால் கப்பலில் ஆளில்லை, உன்னைக் கைது செய்ய வேண்டியிருக்கும் என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

யூசுப் அடுத்த முறை தண்ணீர் கொண்டுவந்தபோது, சோ வின் இறந்ததைச் சைகையில் சொன்னார். விலாசம் கேட்டாயே. நான் அவரிடம் கேட்கவே இல்லை, அக்கா. கேட்கலாம் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

நீ பயப்படக்கூடாது என்று எழுதினேன் என்பது பாதிதான் உண்மை. மீதியையும் சொல்கிறேன். இரண்டு தட்டு வைத்துப் பழகிவிட்டது. ஒரு நாள் இரண்டாவது தட்டை எடுத்து வைக்க மனம் வரவில்லை. அப்புறம் கேரமில் அவர் பக்கத்துக் காயையும் நானே அடித்தேன். உனக்கு எழுதும்போது அவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாகத்தான் இருந்தது. எழுதி முடித்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் எதிர் இடம் காலியாக இருப்பது தெரிந்தது.

போன வாரம் காற்றில் நங்கூரம் பிடி விட்டது. கப்பல் நகர்கிறது என்று எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்துக் கப்பல் நம்மை நோக்கி வருகிறது என்று நினைத்தேன். நகர்ந்தது நான்தான். அந்தக் கப்பலின் துரு கூடத் தெரிகிற அளவுக்குக் கிட்டே போய்விட்டேன். அங்கிருந்து யாரோ கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார்கள். எஞ்சினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சமையல் அறைக்குள் ஓடி, அடுப்பின் இரும்புக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறக்கவில்லை. ஏதோ ஒரு இடத்தில் நங்கூரம் மறுபடி மாட்டியிருக்க வேண்டும், கப்பல் நின்றது. என் அலறல்தான் நிற்கவில்லை.

இப்போது யாராவது கூப்பிட்ட மாதிரி இருந்தால் "என்னா" என்று கேட்டுவிடுகிறேன். கேட்ட பிறகுதான் யாரும் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. அந்த இடைவெளி வரவர நீள்கிறது. வெரசா ஏதாவது செய், அக்கா.

இனியவன்


போடிநாயக்கனூர்
28.7.2024

என் அப்பு இனியவனுக்கு, அக்கா எழுதுகிறேன். உடம்பையும் மனதையும் பிடித்து வைத்துக்கொள். யாராவது கூப்பிட்டால் அது நான்தான் என்று வைத்துக்கொள். பதில் சொல், தப்பில்லை.

டெல்லிக்குப் போய் வந்தோம். தூதரகம் என்றதும் கோட்டை மாதிரி நினைத்திருந்தேன். நம் ஏலக்காய்க் கடை முதலாளி வீட்டை விடச் சின்னது. முதல் நாள் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். மறுநாளும் போனோம். மூன்றாம் தடவை உள்ளே விட்டார்கள். நடு வயது அதிகாரி, மரியாதையான மனிதர், எழுந்து நின்று வணங்கினார். அவர் இங்கிலீஷில் பேசினார், முத்துப்பிரியா எனக்குச் சொன்னாள், நான் தமிழில் சொன்னதை அவருக்குச் சொன்னாள்.

அந்தக் கப்பலைப் போன வருஷமே பதிவிலிருந்து நீக்கிவிட்டோம், அது இப்போது எங்களுடையது அல்ல என்றார்.

"நீக்கிட்டீங்க சரிங்க. அப்பன்னா என் தம்பி இப்ப எந்த நாட்டுல இருக்கான்?" என்று கேட்டேன்.

அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு மெதுவாகப் பேசினார். எங்கள் நாட்டில் உப்பிலிருந்து மருந்து வரை பக்கத்து நாட்டு வழியாகத்தான் வரவேண்டும், அவர்கள் கதவை மூடினால் எங்கள் ஜனங்கள் தவித்துப் போவார்கள், அதனால்தான் கடலில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வந்தபோது என் அப்பா காலத்தில் கொண்டாடினார்கள், அந்தக் கொடியை இப்படி யார் யாருக்கோ கொடுப்பார்கள் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை என்றார்.

நீ அனுப்பிய படத்தை மேசையில் வைத்தேன். "இது உங்க ஊர்ப் பேருதானங்க? உங்க ஊரை நம்பித்தான அவன் ஏறினான்? ஒரு ஆளு செத்துப்போயிட்டாரு. இவன் தனியா பேசிக்கிட்டிருக்கான். நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்றேன். போலீசைக் கூப்பிடுவார்களோ என்று முத்துப்பிரியா என் கையைப் பிடித்திருந்தாள்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் தம்பிக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். எனக்கும் தெரியாது என்றார். உள்ளே போனார். வெகு நேரம் யாரோடோ போனில் பேசினார், சத்தம் உயர்ந்தது, தாழ்ந்தது. வெளியே வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. இந்த மாலுமி ஏறிய நாளில் கப்பல் எங்கள் கொடியின் கீழ் இருந்தது, அவரை ஊருக்கு அனுப்பும் பொறுப்பு எங்களுடையது, கரையில் இறக்கும்படி துறைமுகத்தைக் கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. எங்கள் முன்னாலேயே துறைமுகத்துக்கு அனுப்பினார். இதனால் அவருக்கு வேலை போகுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் திரும்பி வாங்கிக்கொள்வாரோ என்று பயம்.

பொறுத்துக்கொள், தம்பி.

அக்கா


மாலுமிகள் விடுதி
1.9.2024

அன்புள்ள அக்காவுக்கு, கரையிலிருந்து எழுதுகிறேன். உன்னோடும் மச்சானோடும் போனில் பேசியதிலிருந்து பசி எடுக்கிறது. லீலாம்மா கஞ்சி கொடுக்கிறார். ஊர் வருவதற்கான தாள்கள் இன்னும் சில நாளில் கிடைக்குமாம்.

போனில் எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வாயால் சொல்ல வரவில்லை.

ரோந்துப் படகில் அதிகாரியோடு ஒருவன் வந்தான். கப்பல் ஏலம் போகும் வரை காவல் இருக்க ஆள் வேண்டும், அந்த ஆள் வந்தால்தான் நான் இறங்கலாம். என் வயதுதான் இருக்கும். பேர் தேவ். நேபாளத்துக்காரன், கட்டட வேலைக்கு வந்தவன். அவன் நாட்டுக்கும் கடல் இல்லை. படகிலேயே வாந்தி எடுத்திருந்தான். ஏணியில் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்றான்.

மேலே வந்ததும் என்னைப் பார்த்தான். என் தாடியையும் கிழிந்த சட்டையையும் பார்த்தான். ஹிந்தியில் கேட்டான், "அண்ணே, இங்க பயமா இருக்குமா?"

அதிகாரி கையெழுத்துப் போட பேனாவை எடுத்திருந்தார். நான் உண்மையைச் சொல்லி, அவன் மாட்டேன் என்று படகுக்குத் திரும்பிவிட்டால் என் கதி என்ன?

"ஒண்ணும் இல்ல தம்பி, கடல் அமைதியா இருக்கும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே சொன்னேன், அக்கா. அவன் நம்பினான். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு சமையல் அறை எங்கே என்று கேட்டான். நான் ஏணியில் இறங்கினேன். படகு கிளம்பியபோது அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கை அசைத்தான். நானும் அசைத்தேன்.

இனியவன்


போடிநாயக்கனூர்
4.9.2024

தம்பிக்கு, அக்கா. நீ எழுதியதை லீலாம்மா படம் எடுத்து அனுப்பினார். நானும் இதைப் படம் எடுத்து அவர் போனுக்கே அனுப்புகிறேன். தபால் தாமதமாகும், அதற்குள் நீ கிளம்பிவிடுவாய். கஞ்சி மட்டும் குடிக்காதே, சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடு.

உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இதை உன் மனம் ஆறுவதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொல்லியிருப்பேன். மச்சான் படித்துவிட்டு, "மாப்ளேயை ஏசாத" என்று மட்டும் சொன்னார். அப்புறம் மலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார்.

நேற்று முழுவதும் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டானா, நல்லா இருக்கேன்னு எழுதுவானான்னு அந்த நேபாளத்துப் பிள்ளையை நினைத்து எவளோ ஒருத்தி ஒரு மலை ஊரில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிகிறது.

யூசுப் நீ கிளம்பும் முன் ஒரு தடவையாவது தண்ணீர் கொண்டு போவார். அவர் கையில் தேவுக்குத் தாளும் பேனாவும் கொடுத்தனுப்பு. இருந்தால் மிதவைச் சட்டை ஒன்றும். கடல் எப்படி இருக்கும் என்று இந்த முறை அவனுக்கு உள்ளபடி எழுது, ஹிந்தி எழுதத் தெரிந்தவரைப் பிடி. அவன் வீட்டு விலாசத்தைக் கேட்டு எழுதி வாங்கு. அவனுக்கும் மனுப் போட முத்துப்பிரியாவிடம் சொல்லிவிட்டேன்.

அந்த விலாசம் இல்லாமல் வராதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீ வந்துவிடு. ஆனால் வாங்கிக்கொண்டு வா.

அக்கா